மேலும் கீழும்

பிப்ரவரி 9, திங்கள்

சாலமோனின் மண்டையை உடைத்தவர் எங்கள் கோச் லூபென் ட்ரகான்செவ். நேற்று மாலை, ஆயிரம் பேர் பார்க்க உடைத்தார்.

அறுபத்தோராம் நிமிடம். கார்னர். சாலமோன் எகிறினான், எதிரணியின் ஆறடி ஃபார்வர்டும் எகிறினான். தலையும் தலையும் மோதிய சத்தம் பெஞ்ச் வரை கேட்டது. கேரம் ஸ்ட்ரைக்கர் கட்டையில் அடிக்குமே, அந்தச் சத்தம். அந்த ஃபார்வர்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு எழுந்து போனான். சாலமோன் எழுந்து தப்பான கோலை நோக்கி நடந்தான்.

பிசியோ விமல் அவனைக் கோட்டுக்கு வெளியே கொண்டுவந்து விரலைக் காட்டி எண்ணச் சொன்னான். பிறகு பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். லூபென் தலையை மேலும் கீழும் ஆட்டினார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அது என் வேலை. உதவிப் பயிற்சியாளர், மொழிபெயர்ப்பாளர், பந்துக்குக் காற்றடிப்பவன், எல்லாம் நான்தான். ஆறு மாதமாக அவருடைய ஆங்கிலத்துக்குத் தமிழ் வாய் நான்.

எழுபத்து நான்காம் நிமிடம் சாலமோன் ஒரு சாதாரணப் பந்தைத் தலையால் முட்டினான். அப்படியே மடங்கி விழுந்தான். யாரும் அவனைத் தொடவில்லை.

மைதானத்தில் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும் என்பது விதி. நின்றது. கதவைத் திறந்தால் உள்ளே முழுக்க விளம்பரப் பலகைகள். அவற்றை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுத்தான் அவனைப் படுக்க வைத்தோம். பெரியாஸ்பத்திரியில் ராத்திரியே மண்டையைத் திறந்து ரத்தக் கட்டியை எடுத்தார்கள். அவனுக்கு இருபத்திரண்டு வயது.

ஆட்டம் டிரா. ஒரு புள்ளி கிடைத்தது. ஆட்டங்கள் மிச்சமிருந்தாலும், அந்த ஒரு புள்ளியால் கிளப் இந்த லீகிலேயே நீடிப்பது உறுதியானது.

பிப்ரவரி 10, செவ்வாய்

பயிற்சி இல்லை. ஆனாலும் கிரவுண்டுக்குப் போனேன். பனியன்களைத் துவைத்தேன். பதினெட்டுப் பந்துக்கும் காற்றடித்தேன். கையில் வேலை இருந்தால் பயம் குறைகிறது.

நேற்று முன்தினம் பெஞ்சில் யார் யார் இருந்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். லூபென், நான், அறுபதாம் நிமிடம் வெளியே வந்த டில்லிபாபு, மாற்று கோல்கீப்பர். அதற்கு முன் வெளியே வந்தவர்கள் டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போயிருந்தார்கள். கோட்டோரம் விமல். எங்களுக்குப் பின் வரிசை நாற்காலியில் கிளப்பின் சி.இ.ஓ. ஷ்ரவண் சார். மாற்று கோல்கீப்பர் மணிப்பூர்க்காரன், தமிழ் தெரியாது.

எதற்காக இதை யோசித்தேன் என்று தெரியவில்லை.

விமலுக்கு ஆறு முறை போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

பிப்ரவரி 11, புதன்

சாலமோன் கண் திறக்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

ஷ்ரவண் சார் அழைத்தார். அவருடைய அறையில் ஏசி நடுக்கியது.

"அமுல், உக்காருங்க. தண்ணி சாப்பிடுங்க. நீங்கதான் அந்த மனுஷன்கூட இருபத்துநாலு மணி நேரமும் இருந்தவர். அவரோட கேரியர், சுபாவம் எல்லாத்தையும் ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. ஃபேக்ட்ஸ் மட்டும்."

"எதுக்கு சார்?"

"ஃபெடரேஷன் கமிட்டி போடும். நம்ம பக்கம் கிளீனா இருக்கணும் இல்லையா? நீங்களும் நம்ம பக்கம்தானே?"

ஆமாம் என்றேன். எழுதியும் கொடுத்தேன்.

பிறந்தது பல்கேரியாவில் பெர்னிக் என்னும் நிலக்கரி ஊர். அப்பா சுரங்கத் தொழிலாளி. பதினேழு வயதில் பெரிய அணியில் இடம். பதினான்கு வருடம் இடதுபக்க ஸ்டாப்பர், கோலுக்கு முன் நின்று தடுப்பவர். மூக்கு நான்கு முறை உடைந்திருக்கிறது. ஒரு கோப்பை. முப்பத்தொரு வயதில் முட்டி போனது. அதன்பின் மேனேஜர், அதாவது தலைமைக் கோச். ஒன்பது வருடத்தில் ஏழு கிளப். இரண்டில் அவராக விலகினார், ஐந்தில் விரட்டினார்கள். சைப்ரஸ், குவைத், மியான்மர், அப்புறம் எங்கள் கொடுங்கையூர். கோபக்காரர். தண்ணீர் பாட்டிலை உதைப்பார்.

இவை அறிக்கையில் உள்ளவை. இல்லாதவையும் உண்டு.

வந்த முதல் நாள் அவர் எல்லாவற்றுக்கும் 'தா, தா' என்றார். அவர் மொழியில் அதற்கு 'ஆமாம்' என்று பொருள். டில்லிபாபு பந்தை உருட்டிக்கொண்டு போய் அவர் காலடியில் வைத்துவிட்டு, "இன்னாபா, கேக்குறாரு, குட்த்தா வாங்க மாட்றாரு" என்றான். அன்று சிரித்த சிரிப்பில் சாலமோனுக்கு விக்கல் எடுத்தது. 'இல்லை' என்பதற்கு அவர் 'நே' என்பார். "டிஃபென்டர் என்பவன் நே சொல்கிறவன். பந்துக்கு நே. ஆளுக்கு நே. முதலாளிக்கும் நே" என்பார். அதைத் தமிழில் சொல்லும்போது கடைசி வாக்கியத்தை நான் விட்டுவிடுவேன்.

இருபத்து நான்கு வயதில் ஒரு இறுதி ஆட்டத்தில் அவர் தலையில் உதை வாங்கினார். அவருடைய கோச் திரும்ப உள்ளே அனுப்பினார். ஜெயித்தார்கள். கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கும் படத்தைப் போனில் காட்டினார். "இவன் யாரென்று எனக்குத் தெரியாது, அமுல். அந்த நாள் என்னிடம் இல்லை. அதனால்தான் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். நீயும் எழுது. டிஃபென்டரின் ஞாபகத்தை நம்பாதே." இந்த நோட்டை அப்படித்தான் ஆரம்பித்தேன்.

இந்த சீசனில் மட்டும் தலையில் அடிபட்ட மூன்று பேரை உடனே வெளியே எடுத்தார். ஒருமுறை அதனால் தோற்றோம்.

அதையெல்லாம் ஷ்ரவண் சார் கேட்கவில்லை.

பிப்ரவரி 14, சனி

லூபெனின் ஃபிளாட்டுக்குப் போனேன். கிளப் அவரை வெளியே வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. நான்கு நாளாக ஷேவ் செய்யவில்லை. மேசையில் பிரெட்டும் தயிரும் அப்படியே இருந்தன. டிவியில் அந்தக் காட்சியைத் திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். விமல் திரும்புகிறான். லூபென் தலையாட்டுகிறார். சாலமோன் உள்ளே ஓடுகிறான். தலையாட்டும் இடத்தில் சிவப்பு வட்டம். சத்தத்தை எடுத்துவிட்டு சோக இசை போட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்தது.

"அமுல், நான் நே சொன்னேன்" என்றார்.

"நீங்க தலையாட்டினீங்க, மிஸ்டர்." அவர் ஊரில் கோச்சை மிஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டுமாம்.

"ஆட்டினேன். இப்படி." மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். "இது என்ன? நீ சொல். உனக்குத் தெரியும்."

இதை எழுதித்தான் ஆக வேண்டும். அவர் ஊரில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் இல்லை என்று பொருள். பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம். நம் ஊருக்கு நேர் தலைகீழ். இங்கே வந்த பிறகு நம்மைப் பார்த்து மாற்றிக்கொள்ளப் பார்த்தார். நிதானமாக இருந்தால் நம் மாதிரி ஆட்டுவார். பதறினால் அவர் ஊர் ஆட்டம் வந்துவிடும். எந்த நேரத்தில் எது என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

எனக்கும் தெரியாது.

"நே என்று வாயாலும் கத்தினேன். நீ கேட்டாய்" என்றார்.

கேலரியில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள் என்றேன்.

"ஆமாம். மேளம்" என்றார். தலையைப் பக்கவாட்டில் ஆட்டியபடி வெகுநேரம் என்னைப் பார்த்தார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

டீக்கடையில் மாஸ்டர் "சக்கர கம்மியா?" என்று கேட்டுத் தலையாட்டினார். குடிக்காமல் வந்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பெரியாஸ்பத்திரி. கண் திறந்துவிட்டான். சாலமோனின் அக்கா எஸ்தர் ஐ.சி.யூ. வெளியே தரையில் நியூஸ்பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தாள். துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் காஜா எடுப்பவள். அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவள் அவள்தான். ஒன்பது நாளாக வேலைக்குப் போகவில்லை.

"வா அமுலண்ணா. கிளப்புலருந்து நீ ஒருத்தன்தான் வந்துகினு கீற. மத்தவன்லாம் பூங்கொத்து அனுப்புறான். அத வெச்சி நான் இன்னா கொழம்பா வெக்க முடியும்?"

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"வலது கை, கால் அசையல. பேரு கேட்டா சொல்றான். எந்த வருசம்னு கேட்டா பத்தாவது படிக்கிற வருசத்த சொல்றான்." நியூஸ்பேப்பரின் ஓரத்தை மடித்தபடி, "ஆட்டம் ஒண்ணும் ஞாபகம் இல்லியாம்" என்றாள்.

என் மூச்சு லேசானது. அது அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

"அந்த வெள்ளக்காரன எதுனா செய்யணும்ணா. மனுசனா அவன்? நீ பக்கத்துலதான இருந்த? வோணாம் சார்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா கேக்குற ஆளு இல்லம்மா" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உள்ளே போய் அவனைப் பார்க்கச் சொன்னாள். அடுத்த முறை பார்க்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பிப்ரவரி 19, வியாழன்

லூபெனை நீக்கிவிட்டார்கள். விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று உத்தரவு. மணலி ரோடு முழுக்கக் கன்டெய்னர் லாரிகள். போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது.

இறங்கும்போது சொன்னார்: "எட்டாவது கிளப். பரவாயில்லை, எனக்குப் பழக்கம். ஆனால் சாலமோனின் அக்காவிடம் என்னைப் போகவிடவில்லை. நீ போய் நான் நே சொன்னேன் என்று சொல்வாயா?"

நான் தலையாட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

சீசன் முடியும்வரை நான்தான் மேனேஜர் என்று ஷ்ரவண் சார் அறிவித்தார். போட்டோ எடுத்தார்கள். 'வடசென்னை மண்ணின் மைந்தன்' என்று பேனர். நானும் ஸ்டாப்பர்தான். எட்டு வருடம் ஆடினேன், ஒரு பேப்பரிலும் என் பேர் வந்ததில்லை. இப்போது வந்திருக்கிறது.

எங்களை ஆடவிட்டு வேடிக்கை பார்க்கும் கூட்டம் இது. எங்கள் தெருக்களிலிருந்து உடம்பை எடுத்துக்கொள்வார்கள், உடைந்தால் பூங்கொத்து அனுப்புவார்கள். ஷ்ரவண் சார் அன்று பின் வரிசையிலிருந்து குனிந்து என் காதில் கேட்டது ஒரே கேள்விதான். "என்ன அமுல், பத்து பேரா ஆடப் போறோம்?" மாற்று ஆட்டக்காரர்கள் எல்லோரையும் இறக்கியாகியிருந்தது. அவர் அனுப்பு என்று சொல்லவில்லை. அந்த மாதிரி ஆட்கள் எதையும் சொல்வதில்லை. கேட்பார்கள்.

அவர் கேட்டதும் விமல் திரும்பியதும் ஒரே நேரம். அவ்வளவுதான்.

பிப்ரவரி 23, திங்கள்

மேனேஜராக முதல் பயிற்சி. சுண்ணாம்பு வாங்கி கோடுகளை நானே போட்டேன். என்னைக் கோச் என்றும் கூப்பிடவில்லை, அண்ணா என்றும் கூப்பிடவில்லை.

பயிற்சி முடிந்ததும் டில்லிபாபு ஷூவைக் கழற்றியபடி கேட்டான்: "ண்ணா, ஒரு டவுட்டு. மொத வாரம் எங்களலாம் லைன்ல நிக்க வெச்சி கிளாஸ் எட்த்தியே, ஞாபகம் கீதா?"

"இன்னா கிளாஸ்?"

"மேல கீழ ஆட்டுனா வோணாம், சைடுல ஆட்டுனா ஓகே, மூஞ்சி செவந்திருந்தா அவுரு ஊரு ஆட்டம்னு. நீதான் ஆடிக் காட்ன. பொம்மலாட்டம் மாரி கீதுன்னு சாலு வுழுந்து வுழுந்து சிரிச்சானே."

"அப்புறம் அவரு மாத்திக்கிட்டாருடா."

"அன்னிக்கி அவரு மூஞ்சி தக்காளி மாரி இருந்திச்சி. சாலு வுழுற வரைக்கும் நே நேன்னு கத்திகினே இருந்தாரு, மேளத்துல கிரவுண்டுக்கு எட்டல. நான் பக்கத்துலதான் குந்திகினு இருந்தேன்." ஷூவிலிருந்து மண்ணைத் தட்டினான். "நீ 'உள்ள வுடு'ன்னு கத்துன. அவரு எந்திரிச்சி விமல் சாராண்ட ஓடப் பாத்தாரு. நீ கையப் புட்ச்சி இட்த்த."

"பேலன்ஸ் போயி புடிச்சேன்டா."

"செர்தான்" என்றான்.

விமலுக்கு இது தெரியாது. முதல் வார வகுப்பின்போது அவன் வேலைக்கே சேரவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

டில்லிபாபுவை அணியிலிருந்து எடுத்துவிட்டேன். கணுக்கால் வீக்கம் என்று எழுதினேன்.

மார்ச் 5, வியாழன்

பல்கேரியாவிலிருந்து லூபென் கமிட்டிக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார். தலையாட்டுக்குப் பொருள் விளக்கி, அவர் நாட்டு சங்கத்தின் சான்றோடு. டிவியில் இப்போது அதையும் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். டீக்கடையில் ஒருவருக்கொருவர் ஆட்டிக் காட்டிச் சிரிக்கிறார்கள்.

ஷ்ரவண் சார் கூப்பிடுவார். காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

கூப்பிட்டார்.

"அமுல், அந்த ஆள் இல்லைன்னுதான் சொல்லியிருக்கார்னு வெச்சிப்போம். அப்போ அனுப்பினது யாரு?"

நான் ஏசியைப் பார்த்தேன்.

"பயப்படாதீங்க. பதிலை நானே சொல்றேன். யாரும் அனுப்பல. பையன் எமோஷனல். பர்மிஷன் இல்லாம தானா ஓடிட்டான். கோச்சும் தப்பு இல்ல, நீங்களும் தப்பு இல்ல, கிளப்பும் தப்பு இல்ல. எல்லாருக்கும் நல்லது."

"சாலமோனுக்கு சார்?"

"அவனுக்குத்தான் ஒண்ணும் ஞாபகமே இல்லையே."

அப்படி எழுதினால் அவன் சிகிச்சைக்குக் கிளப் பொறுப்பில்லை என்று ஆகும். அது எனக்குத் தெரியும். விமலும் இப்படியே எழுதிக் கொடுத்துவிட்டானாம். அவனுக்கு வேறொரு கிளப்பில் வேலை கிடைத்திருக்கிறதாம். பேனாவின் மூடியைத் திறந்து அவரே நீட்டினார்.

கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து ஒரு டிஃபென்டரின் கையெழுத்து மாதிரியே இல்லை.

மார்ச் 9, திங்கள்

சாப்பிட முடியவில்லை. தூங்கினால் கேரம் சத்தம் கேட்கிறது. பைக் எது நின்றாலும் ஜன்னலுக்குப் போகிறேன்.

மார்ச் 12, வியாழன்

சாலமோனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு நோயாளிக்குப் படுக்கை வேண்டுமாம். எஸ்தர் பதினோரு முறை போன் செய்தாள்.

மார்ச் 13, வெள்ளி

பதினான்கு முறை.

மார்ச் 16, திங்கள்

நாளை கமிட்டி. காலை ஏழு மணிக்கே கிரவுண்டுக்கு வந்து டிரெஸ்ஸிங் ரூமுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். ஆட்டக்காரர்கள் எட்டரைக்குத்தான் வருவார்கள். கதவை உள்ளே தாழ் போட்டிருக்கிறேன். நாளை என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிப் பார்க்கலாம் என்று நோட்டைத் திறந்தேன்.

ஒரு ஆட்டோ வந்து நின்றது.

கதவைத் தட்டுகிறாள். எஸ்தர்தான். எழுதிக்கொண்டே இருக்கிறேன். எழுதுவதை நிறுத்தினால் கதவைத் திறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

"அமுலண்ணா, உள்ளதான் கீற. உன் செருப்பு வெளிய கெடக்குது."

தாழ்ப்பாள் ஆடுகிறது.

"சண்ட போட வர்லண்ணா. டில்லி எல்லாத்தையும் சொல்லிட்டான். நீ கமிட்டில இன்னா வேணா சொல்லிக்க. உனுக்கும் பொழப்பு கீது, எனக்குப் புரியுது. நான் அதுக்கு வர்ல."

ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஆட்டோவின் பின் சீட்டில் சாலமோன் சாய்ந்திருக்கிறான். மொட்டைத் தலையில் காது முதல் உச்சி வரை தையல். வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடக்கிறது. கிரவுண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதை அவனுக்கு அடையாளம் தெரிகிறதா என்று அவன் முகத்தில் தெரியவில்லை.

"பேப்பர்ல போட்டுட்டான்ணா, இவன் தானா ஓடிட்டான்னு. அத யாரோ இவனுக்குப் படிச்சிக் காட்டிட்டாங்க. அன்னிலருந்து என் காலப் புட்ச்சிக்கினு அழுவுறான். நாந்தான்க்கா தப்பு பண்ணேன், உன்ன நாந்தான்க்கா தெருவுல வுட்டேன்னு. சோறு ஊட்டுனா துப்புறான். எனுக்கு வேணாம், நான் பாவின்றான். நான் எவ்ளோ சொல்லியும் நம்ப மாட்றான். நீ சொன்னா நம்புவான். அவனுக்கு நீதான் கோச்சு."

ஆட்டோக்காரர் இஞ்சினை அணைத்துவிட்டார்.

"வெளிய வாண்ணா. வேற எவனுக்கும் வோணாம், என் தம்பிக்கு மட்டும். அவன் மூஞ்சியப் பாத்து, உன் மேல தப்பு இல்லடா சாலுன்னு ஒரு வார்த்த சொல்லு."

பேனா ஓடுகிறது. அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு இப்போது கதவில் நெற்றியை வைத்திருக்கிறாள். மரத்தின் வழியாக அவள் குரல் மிக அருகில் கேட்கிறது.

"அண்ணா. சொல்லு."